சார்மினாரில் ஒரு வாய் தண்ணீர்

அம்சத்தின் வீட்டு ஷோகேஸில் இருபத்தாறு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. தாஜ்மகால், சார்மினார், குதுப்மினார் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக ஊர் ஊராகச் சுற்றும் மகள் செம்மொழியிடம், புடவை வேண்டாம் டம்ளர் வாங்கி வா என்று நச்சரித்துச் சேர்த்தவை. பூட்டி வைத்து அழகு பார்க்கவா வாங்கினாள்? யார் வந்தாலும், “எந்த ஊர்ல தண்ணி குடிக்கிறீங்க?” என்பாள். அம்மாவோடு நடவுக்குப் போன காலத்தில் பெரிய வீட்டுக் கொல்லையில் கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தவள். அந்தக் கோபம்தான் ஷோகேஸில் வரிசை கட்டி நின்றது.

இன்று வந்திருந்தது அதே பெரிய வீட்டுத் தனபாலன். நாளைக்குக் கனமழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அவருடைய ஐந்து ஏக்கர் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுவடை மிஷின் அங்கே போக, அறுத்து முடித்த அம்சத்தின் வயலை விட்டால் வேறு வழியில்லை.

“மிஷின் அந்தப் பக்கமா போவட்டும் அம்சம். ஒடையுற வரப்ப நானே கட்டித் தந்துடுறேன்.”

“அதுக்கென்ன தம்பி, மொதல்ல தண்ணி குடிங்க.” சார்மினாரை நீட்டினாள்.

தனபாலன் டம்ளரை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். உதடு படவில்லை. பாதித் தண்ணீர் சட்டையில்தான் போயிற்று. அம்சம் டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினாள்.

“வாய் வச்சுக் குடிங்க.”

மகன் வளவன் குறுக்கே வந்து நின்றான். அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்வதே தனபாலனின் வாய்க்கால் வழியாகத்தான். “அம்மா, விடும்மா. வாய்க்கால அடைச்சுடப் போறாங்க.”

“அடைக்கட்டும்டா. நம்ம நெலம் தரிசா கெடந்தாலும் கெடக்கட்டும். என் வீட்டு டம்ளர்ல வாய் வைக்காதவங்க மிஷின் என் வயல்ல எறங்காது.”

தனபாலன் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார். அம்சத்தைப் பார்த்தார். டம்ளரை உதட்டில் வைத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்த அம்சத்துக்குத் அழுகைதான் வந்தது. அவர் முன்னால் அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மிஷின எறக்கிக்குங்க. எங்கம்மா கையால இப்படி ஒரு வாய் வாங்கிக் குடிக்க, அவ சாவுற வரைக்கும் உங்க வீட்ல ஒருத்தருக்கும் மனசு வரலியே தம்பி. இப்ப என்ன கொறஞ்சு போச்சு?”