ஒன்பதாம் ஷரத்து

சனிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போன் அடித்தபோது அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். இருந்தாலும் மூன்றாவது மணி வரைக்கும் எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்துபோகும்.

"வணக்கங்க. ஒம்பதாம் ஷரத்துப்படி பேசறேன்."

நான்கு வருஷமாகக் குதிரை லாயத்து மாஸ்டரின் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேறு யாராவது கேட்டால் கோர்ட்டிலிருந்து போன் என்று பயந்துபோவார்கள்.

குதிரை அவள் மகளுடையது. வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, ஊருக்கு வெளியே இருக்கிற லாயத்தில் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் விட்டுவிட்டுப் போனாள். முன்பு வைத்திருந்த லாயத்தில் குதிரை நொண்டியதை மூன்று வாரம் மறைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு வக்கீலைப் பிடித்துப் பதினான்கு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதவைத்தாள். தீனி எத்தனை வேளை, ஓட்டம் எத்தனை நிமிஷம், லாடம் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, எல்லாம் அதில் இருந்தது. ஒன்பதாம் ஷரத்து, பயிற்சியாளர் வாரம் ஒருமுறை உரிமையாளரிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ குதிரையின் நிலையைத் தொலைபேசியில் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்றது. அம்மாவைப் பிரதிநிதியாகப் போட்டாள் மகள். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பெயருக்கு எதிரே 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'அம்மா' என்று எழுதினாள். யாருக்கு என்று எழுதத் தோன்றவில்லை. முதல் சனிக்கிழமை போனை எடுத்ததும், "குதிரையோட அம்மாங்களா?" என்று ஒரு கனத்த குரல் கேட்டது. அவள் சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஆரம்பத்தில் அது ஒன்றரை நிமிஷப் பேச்சுதான். தின்றது, ஓடியது, குளம்பு சுத்தம், வைக்கட்டுமா. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவர் வைக்கப் போகிற நேரத்தில், "பொண்ணு ஒண்ணு கேக்கச் சொன்னா," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. மகள் ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. மகளுடைய போன் மாதத்துக்கு ஒன்று வரும், அதுவும் எங்கேயோ படியிறங்கிக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். குதிரை நின்றுகொண்டே தூங்குமா என்று கேட்டாள். அவர் பதினோரு நிமிஷம் பதில் சொன்னார். அதிலிருந்து வாரா வாரம் மகள் எதையாவது கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்படித்தான் குதிரைக்கு லாயத்தில் ஹெட்மாஸ்டர் என்று பெயர் என்பது தெரிந்தது. யார் வந்தாலும் லேட்டாக வந்தவனைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்க்குமாம். "நீங்க மாஸ்டர், அது ஹெட்மாஸ்டர். அப்ப யாருக்கு யாரு பயிற்சி குடுக்கறது?" என்று அவள் கேட்டதற்கு, அதைத்தான் நானும் இருபது வருஷமா ஒவ்வொரு குதிரைகிட்டயும் கேட்டுட்டிருக்கேன் என்றார். குடை விரிந்தால் அதற்கு உயிரே போய்விடும், இடது முன்னங்காலில் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு தழும்பு, ஒரு சாம்பல் பூனை தினமும் வந்து அதன் முதுகில் ஏறித் தூங்கும். பூனைக்குக் குட்டி பிறந்தது, ஒன்று தொலைந்தது, திரும்பக் கிடைத்தது. பூனை விஷயமே ஆறு சனிக்கிழமை ஓடியது. மற்ற நாட்களில் அவள் குரலை அவளே கேட்பது, கடையில் பை வேண்டாம் என்று சொல்லும்போதுதான்.

இந்தச் சனிக்கிழமை மாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு, விஷயம் தெரிஞ்சிருக்கும் என்றார். தெரிந்திருந்தது. மகள் குதிரையை விற்றுவிட்டாள். ஒப்பந்தம் முடிகிறது, புதன்கிழமை வாங்குகிறவரின் வண்டி வரும், பிரதிநிதி நேரில் போய்க் குதிரையைப் பெற்று ஒப்படைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலைம்மா, ஒரு கையெழுத்துதான் என்றிருந்தாள் மகள். புது இடத்தில் யார் போன் செய்து விசாரிப்பார்கள் என்று கேட்டதற்கு, இந்தக் காலத்துல எதுக்கும்மா போன், கேமரா வச்சுப் பாத்துக்குவாங்க என்று சிரித்தாள்.

இரண்டு பஸ் மாறிப் போனாள். லாயத்தின் கேட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்த குடையை எடுத்து வேலியோரப் புதருக்குள் மறைத்துவைத்தாள். மடக்கிய குடைதான், ஆனாலும் எதற்கு வம்பு. நான்கு வருஷத்தில் இங்கே வரவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. வந்து பார்த்துவிட்டால் அப்புறம் போனில் கேட்பதற்கு என்ன மிச்சமிருக்கும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். போனில் வந்த குரலுக்கு அவள் ஒரு நெடிய ஆளைச் செய்து வைத்திருந்தாள். எதிரே வந்தவர் அவள் காது உயரம்தான் இருந்தார். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது, நூல் தாறுமாறாகத் தைத்திருந்தது. தனியாக இருக்கிற ஆண்களின் தையல். "வாங்க" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. போன் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சேணங்கள் தொங்குகிற அறையை ஒட்டி அவருடைய ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மடக்குக் கட்டில். ஃபைலை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேனா தேடப் போனார். அவள் பக்கங்களைப் புரட்டினாள். 'உறவு: அம்மா' அப்படியே இருந்தது. அதற்கு அடியில் மகள் அனுப்பிய ஒரு மெயிலை அச்செடுத்துக் குத்தியிருந்தது. இனிமேல் அம்மாவுக்கு வாராவாரம் போன் செய்ய வேண்டாம், எனக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும், ஒப்பந்தத்தில் அப்படியே திருத்திக்கொள்ளவும். அதோடு வந்த திருத்தத்தில் மகள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்துக் கோட்டில் ஒன்றுமில்லை. தேதியைப் பார்த்தாள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். நூறு சனிக்கிழமைக்கு மேல் வந்தது.

அவர் பேனாவோடு வந்து நின்றார்.

"இது வந்து ரெண்டு வருஷமாச்சே, மாஸ்டர்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "இருபத்திரெண்டாம் ஷரத்துங்க. எதை மாத்தினாலும் ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். அவங்க போட்டாங்க. நான் போடல."

"ஏன் போடல?"

"பேனா கிடைக்கல."

கையில் பேனாவை வைத்துக்கொண்டு சொன்னார். அவள் அதை வாங்கி, குதிரையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்கிற வரிக்குக் கீழே கையெழுத்திட்டாள்.

வண்டி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகும் என்று போன் வந்தது. அதுவரைக்கும் குதிரை யார் பொறுப்பு என்று கேட்டாள். அவர் நிஜமாகவே ஃபைலை எடுத்து ஒருமுறை பார்த்தார். தன் ஒப்பந்தம் அவள் கையெழுத்தோடு முடிந்தது, வாங்குகிறவர்களுடையது வண்டியில் ஏற்றினால்தான் தொடங்கும், நடுவில் அவள்தான் என்றார். பிறகு உள்ளே போய் ஹெட்மாஸ்டரை நடத்திக்கொண்டு வந்து கயிற்றை அவளிடம் நீட்டினார்.

அவள் அதுவரை ஒரு குதிரையைத் தொட்டதில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது மேலிருந்து கீழே அவளைப் பார்த்தது. லேட்டாகத்தான் வந்திருந்தாள், நான்கு வருஷம். தழும்பு இடது முன்னங்காலில்தான் இருந்தது, கண்ணீர்த்துளி மாதிரியேதான் இருந்தது. அதன் உடம்புச் சூடு ஒரு கை தூரத்திலிருந்தே தெரிந்தது. வீட்டில் அப்படிச் சூடாக எதுவும் நின்று வெகு காலமாகியிருந்தது. அவள் லாயத்தின் கூரையையும் புல்கட்டுகளையும் கண்ணால் துழாவினாள்.

"பூனையக் காணோமே?"

மாஸ்டர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"பூனைன்னு ஒண்ணு இல்லைங்க."

"குட்டி?"

"அதுவும்தான்."

அவள் சிரிக்கவில்லை. கயிறு கையில் லேசாக இழுபட்டது. "எம் பொண்ணு எதையும் கேக்கச் சொன்னதில்ல மாஸ்டர். ஒரு வாரம்கூட."

"தெரியுங்க," என்றார்.

பிறகு ரொம்ப நேரம் மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒருதரம் வாயைத் திறந்தார். தண்ணீர் காட்டட்டுமா என்று குதிரையைப் பார்த்துக் கேட்டார். இப்பத்தான் குடிச்சுதே என்றாள் அவள்.

வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, யாரும்மா குதிரைக்குப் பொறுப்பு என்று கேட்டபோது, நான்தான் என்றாள். அந்தச் சொல் அவள் காதுக்கே புதிதாகக் கேட்டது. அவன் அட்டையில் கிளிப் போட்ட ஒரு தாளை நீட்டினான். ஒரு கையில் கயிற்றை வைத்துக்கொண்டே எழுதினாள். ஒப்படைப்பவர் பெயர். தேதி. நேரம். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: உறவு.

"சீக்கிரம் போடுங்கம்மா, வெயில் ஏறுது."

பேனா அங்கேயே நின்றது. ஹெட்மாஸ்டர் கழுத்தை நீட்டி, அவள் தோளுக்கு மேலாகத் தலையைத் தாழ்த்தித் தாளைப் பார்த்தது. அதன் மூச்சு பட்டுக் கட்டத்தின் ஓரம் மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது.