வாசலில் போட்ட துண்டு

தேயிலை விலை தரையோடு தரையாகக் கிடந்த இரண்டாயிரத்தொன்றில், குன்னூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் மருதாசலம். பார்த்துக்கொண்டார் என்பது மிகச் சரியான சொல். அது நின்றால் இவரும் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

அன்று பத்தேகாலுக்கு ஏற்றுமதிப் பிரிவு யூனிஸ் மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, மெயிலுக்குள்ளயே போக முடியலீங்க! பதினொண்ணுக்குள்ள சம்மதம்னு பதில் போகணும். போகலீன்னா ஆர்டர் வேற கம்பெனிக்கு. கோத்தகிரி ஃபேக்டரிக்குத் திங்கக்கெழமை பூட்டுங்கண்ணா."

"ஃபேக்ஸ்ல அனுப்பும்மா."

"மழையில அது செத்து மூணு நாளாச்சுங்க."

மருதாசலம் சர்வர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். அந்த ஃபேக்டரியில் பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

சர்வரில் கடவுச்சொல் கேட்கும் சேவைக்கு ஒரு வாசல். ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் அங்கே நிற்கலாம். கடவுச்சொல்லைச் சொன்னவர் உள்ளே போய்விடுவார், இடம் காலியாகும். ஆனால் பத்து இடமும் ஒன்பது மணியிலிருந்து நிரம்பியே இருந்தது.

சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினார். கிளம்பியதும் பெருமை தாங்காமல், "சரியாயிடுச்சு, எல்லாரும் வாங்க!" என்று கத்தினார். கேன்டீனிலிருந்து எல்லாரும் வந்தார்கள். யூனிஸ் தன் நாற்காலியை எட்டுவதற்குள் பத்து இடமும் போயிற்று.

மணி பத்து நாற்பது. ஹாலைச் சுற்றி வந்தார். திரைகளில் கடவுச்சொல் பெட்டி, நாற்காலிகளில் ஆளில்லை. எல்லாரும் திரும்பவும் கேன்டீனுக்கே போயிருந்தார்கள். ஏலப் பிரிவு மல்லிகா மட்டும் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மல்லிகாக்கா, பாஸ்வேர்டு போடலீங்களா?"

"இருக்கட்டுங்க. தேயிலை ஏல ரேட்டு மெயில்ல பதினோரு மணிக்குத்தான வரும்? அப்பப் பாத்து எடம் கெடைக்காது. அதான் துண்டு போட்டு வெச்சிருக்கேன்."

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டெறிந்து சீட்டுப் பிடிப்பவர்கள், சர்வரிலும் பிடித்திருக்கிறார்கள்! மருதாசலம் ஓடினார். முப்பது நொடிக்குள் கடவுச்சொல் வராத இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அமைப்பை மாற்றினார். வாசல் மளமளவெனக் காலியானது.

"இப்பப் போம்மா!"

யூனிஸ் ஒற்றை விரலால் தட்டுகிறவள். கடவுச்சொல்லோ பத்தொன்பது எழுத்து. பதினேழாவதில் அவளையும் வெளியே தள்ளியது.

"அண்ணா! என்னையுமா?"

"எந்த மடையன் முப்பதுன்னு வெச்சான்?" என்று முனகியபடி அந்த மடையன் அதை அறுபதாக்கினார்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பதில் போனது. பன்னிரண்டரைக்கு ஆர்டர் உறுதி என்று வந்தது. படிக்க அலுவலகமே வாசலில் முண்டியது. யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. திங்கட்கிழமை கோத்தகிரி ஃபேக்டரியில் வேலைக்குச் சங்கு ஊதும்.

"ஏனுங்க, மொதல்ல யார் துண்டை எடுத்தீங்க?" என்றார் மல்லிகா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மருதாசலம் பதிவேட்டுக் கோப்பைத் திறந்தார். முதலில் துண்டிக்கப்பட்ட மூன்று இணைப்புகளும் அவருடைய சொந்தக் கணினியிலிருந்து வந்தவை.

"அதெல்லாம் ஆபீஸ் ரகசியமுங்க" என்று கோப்பை மூடினார்.