தண்ணீர் வண்டி என்றார்கள்

விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கே கருப்பண்ணன் வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவார். நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் லாரிக்கு பாடி கட்டுகிற அந்தத் தகரக் கொட்டகையில் ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்வதும் அடுப்புக்குள் உட்காருவதும் ஒன்றுதான். மல்லாக்கப் படுத்து, ஒரு கையால் தகட்டைத் தாங்கி, மறு கையால் பற்றவைக்க வேண்டும். தீப்பொறி காலருக்குள் இறங்கும். கத்தக் கூடாது. கத்தினால் கை ஆடும், கை ஆடினால் தையல் கோணிப்போகும். வெல்டிங் வைத்த தடத்தை அவர் தையல் என்றுதான் சொல்வார். முப்பது வருஷத் தையல். ரோட்டில் போகிற எந்த வண்டியிலும் தன்னுடையதை அடையாளம் காட்டிவிடுவார்.

இந்த வருஷம் செய்வதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற வண்டி. ஆர்டர் வந்த அன்று முதலாளி தீனதயாளன் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் உள்நாட்டுச் சண்டையாம். ஊரைவிட்டு ஓடிய சனங்கள் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்களாம். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி இது; தொட்டியை அங்கே போய் ஏற்றிக்கொள்வார்களாம். தூத்துக்குடியில் கப்பலேற்றினால் செங்கடல் ஓரத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கும்.

"இது காசுக்குப் பண்ற வேலையில்லைங்க, புண்ணியம். ஞாயித்துக்கிழமை மட்டும் கூலி வேண்டாம்னு செஞ்சு குடுங்க" என்றார்.

காவிரி பக்கத்தில் ஓடியும் காலிக் குடத்தோடு அலைகிற ஊர்க்காரர்கள் அவர்கள். தண்ணீர் என்றதும் மனசு இளகிவிட்டது. எட்டு ஞாயிறு கூலி வாங்காமல் உழைத்தார்கள். பெயிண்ட் அடிக்கும் முன் தகட்டை எமரித்தாளால் தேய்த்துத் தேய்த்து ரேஷன் கடை மெஷினில் கைரேகையே விழாத சாலம்மாள்கூட, "குடிக்கறவிங்க நல்லா இருக்கட்டும் சாமி" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

கருப்பண்ணன் அதற்கும் ஒருபடி மேலே போனார். கேபினுக்குப் பின்னால் தளத்தில் ஒரு வட்டத் தகடு வரவேண்டும், பம்புசெட் மாட்ட என்று டிராயிங்கில் இருந்தது. பம்பு ஓடினால் அதிரும், அதிர்ந்தால் தளம் விரிசல் விடும் என்று அவருக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலே, மிச்சம் கிடந்த இரும்பை வெட்டி, சாப்பாட்டு நேரத்தில் அடியில் நான்கு குறுக்குச் சட்டம் கொடுத்தார். தீனதயாளன் முதுகில் தட்டிக்கொடுத்தார். முதல் பத்து வண்டி கப்பலேறி இரண்டு மாதத்தில், இன்னும் இருபது கேட்டு ஆர்டர் வந்தது. கருப்பண்ணன் அன்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனார்.

இருபதில் பன்னிரண்டு முடிந்திருந்த ஒரு காலையில் அவருடைய அக்கா மகன் கௌதமன் வந்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு அதே நாட்டுக்குப் போர்வெல் போடப் போனவன். சண்டை முற்றி, உயிர் பிழைத்து ஊர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாமனைப் பார்க்க வந்தவன், வரிசையாக நின்ற மணல் நிற வண்டிகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, இதெல்லாம் எங்க போவுது?"

"நீ இருந்த ஊருக்குத்தான் கண்ணு. தண்ணி வண்டி."

"தண்ணியா?" கௌதமனுக்கு உதடு கோணியது. "இதெல்லாம் எறங்கற செங்கடல் துறைமுகத்துலதான், ஊருக்கு வரக் கப்பலுக்குப் பன்னெண்டு நாள் கெடந்தேன் மாமா. சண்டை நடக்கற நாடுன்னே அங்க தெரியாது. டீக்கடை தொறந்திருக்குது, கல்யாணம் நடக்குது. ஆனா ஊரே அந்தச் சண்டையிலதான் பொழைக்குது. எறங்கறப்ப இது வெறும் வண்டி. ஒரு கொட்டகைக்குள்ள உடுவாங்க. மூணாம் நாள் வெளிய வாரப்ப, இந்த வட்டத் தகட்டு மேல ஆள் ஒசரத்துக்குத் துப்பாக்கி நிக்கும். சுத்திச் சுத்திச் சுடும். நாங்க தங்கியிருந்த ஊருக்குள்ளயும் இதேதான் வந்துது. கெணத்துக்கிட்டக் கொடத்தோட நின்ன பொம்பளைங்க..."

செல்போனை எடுத்து நீட்டினான். எரிந்து கவிழ்ந்து கிடந்த ஒரு வண்டி. அடிப்பாகம் முழுக்கத் தெரிந்தது. நான்கு குறுக்குச் சட்டங்கள், அவற்றில் கருப்பண்ணனின் தையல். தளம் மட்டும் எங்கும் விரிசல் விடவில்லை. கருப்பண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். போனைச் சாலம்மாளிடம் கொடுத்துவிட்டு நேராக முதலாளி அறைக்கு நடந்தார். வேலையைப் போட்டது போட்டபடி மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

"ஏனுங்க மொதலாளி, அந்தத் தகட்டுல என்ன மாட்டறாங்க?"

தீனதயாளன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பம்புசெட்டுதான். எத்தன தடவ சொல்றது?"

"என்ற அக்கா பையன் கண்ணால பாத்துட்டு வந்துருக்கறானுங்க."

"கண்டவன் சொல்றதக் கேட்டுட்டு நிக்காத கருப்பண்ணா. உன்ற வேலைக்குத்தான் இந்த ஆர்டரே வந்துது. முன்னால கட்டிக் குடுத்தவன் தளம் நாலு ரவுண்டு சுட்டதுக்கே பொளந்துபோச்சாம். உன்றது அசையலையாம். பார்ட்டிக்கு நெம்பச் சந்தோசம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியும்" என்றார் கருப்பண்ணன்.

"தெரிஞ்சா என்ன? நான் இரும்பு விக்கறவன். அவன் எதை ஏத்தினா எனக்கென்ன?"

சாலம்மாள் முன்னால் வந்தாள். "தண்ணின்னு சொல்லி எங்கள ஏச்சுப்போட்டீங்களே! ஞாயித்துக்கிழமையெல்லாம் காச்சல்ல கெடந்த புள்ளையப் போட்டுட்டு வந்து தேச்சனுங்க. அந்த வார்த்தையச் சொல்ல உங்களுக்கு நாக்கு எப்படிங்க வந்துது?"

"புடிக்கலைன்னா போங்க. மிச்சம் எட்டு வண்டியையும் பக்கத்துப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயி முடிச்சுக்கறேன். நாளையிலிருந்து உங்க ஒருத்தருக்கும் கேட்டு தெறக்காது."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை, செய்யக்கூடியவர்தான். சாலம்மாளும் பெண்களும் முடிந்த பன்னிரண்டு வண்டிகளுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். கருப்பண்ணன் சாலம்மாளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு பக்கத்துப் பட்டறைக்கு நடந்தார். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தவரில்லை அவர். இப்போதோ தன் வெட்கக்கேட்டைத் தானே சொல்ல வேண்டும். மறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். மறைத்தால் தனக்கும் தீனதயாளனுக்கும் என்ன வித்தியாசம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அங்கே மூத்த வெல்டர் சரவணமுத்து முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். கருப்பண்ணன் போட்டோவைக் காட்டினார்.

"இந்தச் சட்டம் நான் வெச்சதுங்க. யாரும் கேக்காம நானா வெச்சது. அது துப்பாக்கியத் தாங்கினதாலதான் இத்தன சனம் செத்துருக்குது. போன பத்து வண்டிய என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னும் எட்டு வண்டி இருக்குது. எங்க மொதலாளி அத முடிக்க உங்ககிட்டத்தான் கொண்டாரப்போறாரு, தொடாதீங்க."

சரவணமுத்து போனைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் ஊட்டுல அஞ்சு வயிறு இருக்குதுங்க. எத்தன நாளைக்கு நிறுத்தோணும்?"

"தெரியாதுங்க."

"செயிச்சுருவமா?"

"அதுவும் தெரியாதுங்க."

சரவணமுத்து குனிந்து மெஷினின் சுவிட்சை அணைத்தார். கையுறையைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"நாங்க மாட்டோம்னா அவரு அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோவாரு. நடங்க, நானும் வாரேன். அங்க என்னயத் தெரியும்."

வெயில் ஏறிவிட்டது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் மூன்றாவது பட்டறைக்குள் வெல்டிங் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. போகிற லாரிகளைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டு, மொத்தக் கூட்டமும் ரோட்டைத் தாண்டியது.