புருவத்தில் விழுந்த பிறை

கண்ணுக்கு மேல் பெரிய கட்டோடு யோகமலர் வாசலில் வந்து நின்றபோது, டெனிஸ்ரன் முதலில் கார் விபத்து என்றுதான் நினைத்தான். வெளியே ஓடிப்போய்க் காரைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. திரும்பி வந்து என்ன நடந்தது என்று கேட்டான்.

"துவக்கு இடிச்சுப்போட்டுது," என்றாள் அவள், சப்பாத்தைக் கழற்றியபடி.

துவக்கு சுடும் என்று அவனுக்குத் தெரியும். இடிக்கும் என்று தெரியாது.

இருவருக்கும் கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை, பகுதிதான் வேறு. யோகமலரின் பகுதியில் பென்டெ என்று ஒரு டேனிஷ்காரி இருந்தாள். கணவன் இறந்த பிறகும் வேட்டையை விடாதவள். அவளோடு கதைத்துக் கதைத்து யோகமலருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. பனிக்காலம் முழுக்க வேட்டை வகுப்புக்குப் போனாள், சோதனை எழுதினாள், அனுமதியும் எடுத்துவிட்டாள். துவக்கைக் கண்டால் வேலியோரம் ஒதுங்கி நடந்து வளர்ந்தவன் டெனிஸ்ரன். இது கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று பேசாமல் இருந்தான். அடங்கவில்லை. இலையுதிர்காலத்தில் போலந்துக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்கு வரும்படி பென்டெ கூப்பிட்டாள். யோகமலரிடம் சொந்தத் துப்பாக்கி இல்லை. அதனால் பென்டெ தன் கணவனுடையதைக் கொடுத்துப் பழகச் சொன்னாள். அந்த மனிதர் ஆப்பிரிக்காவுக்கு எருமை சுடப் போனபோது வாங்கியதாம் அது.

நடந்ததை யோகமலர் இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள். துப்பாக்கியை மேசையில் ஊன்றி, கதிரையில் இருந்தபடி சுட்டாளாம். மேலே பூட்டியிருந்த தொலைநோக்கிக்குள் வட்டம் முழுதாகத் தெரியவில்லையாம். கழுத்தை நீட்டிக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாளாம். சுட்ட உடனே துப்பாக்கி பின்னால் உதைத்து, தொலைநோக்கியின் விளிம்பு வந்து புருவத்தில் வெட்டிவிட்டதாம். ரத்தம் கண்ணுக்குள் ஓடியதாம். பென்டெதான் தையல் போடக் கூட்டிக்கொண்டு போனாள்.

டெனிஸ்ரன் தலையை ஆட்டினான். தோட்டா முன்னால் போனால் துவக்கு ஏன் பின்னால் வர வேண்டும், வந்தாலும் கையில் பிடித்திருக்கிற சாமான் எப்படி முகத்தில் அடிக்கும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மூன்றாம் தரம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

கட்டை அவிழ்த்தபோது புருவத்துக்கு மேலே சிவப்பாக ஒரு பிறை தெரிந்தது. அடுத்த நாள் கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கியது. தையல் போட்ட வைத்தியர், பென்டெயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று தனியாகக் கேட்டதை யோகமலர் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகூஸில் படிக்கிற மகள் மரினா, தாய் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வழக்கம்போல டேனிஷில்தான் கதைத்தாள். அம்மா சொல்வது உண்மைதானா என்று கேட்டாள். உண்மைதான் என்றான். பிறகு, சரி அப்பா, கேட்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். தன் குரலில் ஏதும் பிழை இருந்ததோ என்று டெனிஸ்ரன் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கடைக்குப் போனாலும் மனைவிக்கு ஓரடி தள்ளியே நடந்தான். அப்படித் தள்ளி நடப்பதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியதும் கிட்ட வந்து நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போக வேண்டியிருந்தது. இக்காஸ்டிலிருந்து யோகமலரின் அக்கா மேரிகிறேசும் வருவாள். புறப்படும்போது அவன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

"இதைப் போட்டுக்கொண்டு வாரும்."

"ஏன்?"

"சனம் பார்க்கும்."

அவள் கண்ணாடியை வாங்கவில்லை. "நான் விழுந்தெழும்பி ஒரு விஷயம் பழகிறன். இதிலை ஒளிக்க என்ன கிடக்கு? நீங்கள் ஏன் ஒளிக்கச் சொல்லுறியள்? நீங்களோ அடிச்சனீங்கள்?"

தான் ஏன் ஒளிக்கச் சொன்னோம் என்று அவனுக்கே தெளிவில்லாமல் இருந்தது.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் பெண்கள் யோகமலரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கையை நீட்டி மடக்கித் துவக்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் ஓம் ஓம் என்று தலையசைத்துவிட்டு, அவளைத் தாண்டி டெனிஸ்ரனைப் பார்த்தார்கள். அந்த நேரம்தான் பேதுரு அண்ணை அவன் தோளில் கைபோட்டுக் கார்கள் நிற்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கோயில் காரியங்களை முன்நின்று பார்க்கிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

வேலை கூடினால் மனுசனுக்குக் கோபம் வரும் என்றார் அவர். இந்த நாட்டுக் குளிரும் இருட்டும் ஆளை மாற்றிவிடும் என்றார். தனக்கும் இளமையில் மனைவியின் மேல் கை நீட்டப் பார்த்த ஒரு காலம் இருந்தது, கடவுள்தான் பிடித்து நிறுத்தினார் என்றார். அவர் குரலில் அவ்வளவு பரிவு இருந்தது. டெனிஸ்ரன் துவக்கு, தொலைநோக்கி, உதை என்று சொல்ல வாயெடுத்தான். தனக்கே விளங்காததை இன்னொருவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவரை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

"இனி நடக்காது, அண்ணை," என்று சொல்லிவிட்டான்.

பேதுரு அண்ணை அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். வாயைவிட்டுப் போன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் அவர் நிம்மதியோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

கதை மேரிகிறேசின் காதுக்குப் போய், அவளிடமிருந்து யோகமலருக்கு வர இரண்டு நாள் எடுத்தது. வேலையால் வந்தவன் சப்பாத்தோடு நிற்கும்போதே அவள் கேட்டாள்.

"பேதுரு அண்ணையிட்டை என்ன சொன்னனீங்கள்?"

சொன்னான்.

"செய்யாததை ஏனப்பா ஓமெண்டு ஒத்துக்கொண்டனீங்கள்?"

"தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

"உண்மையா தெரியேல்லை, யோகம். அவர் அவ்வளவு அன்பாக் கதைச்சார். எனக்கே கொஞ்ச நேரம் நான்தான் அடிச்சனோ எண்ட மாதிரி இருந்தது."

அவளுடைய கோபம் வடிந்து, முகத்தில் வேறு ஏதோ வந்தது. சனிக்கிழமை சுடப் பழகப் போகேக்கை நீங்களும் என்னோடு வாங்கோ என்று மட்டும் சொன்னாள்.

சுடும் இடம் ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்குள் இருந்தது. பென்டெ கைகுலுக்கி, காதுமூடியைக் கொடுத்தாள். பிழை யோகமலரில் அல்ல, தன்னில்தான் என்று முதலிலேயே சொன்னாள். துப்பாக்கி தன் கணவனின் நீளக் கைக்கும் நீளக் கழுத்துக்கும் செய்தது. யோகமலர் குள்ளம். கண் எட்டாததால் கழுத்தை நீட்டினாள், நீட்டினதால் துப்பாக்கியின் அடிக்கட்டை தோளை விட்டு விலகியது, விலகிய இடைவெளியில் துப்பாக்கி ஓடிவந்து இடித்தது. இப்போது அடிக்கட்டையைக் குறைத்து, தொலைநோக்கியை முன்னுக்குத் தள்ளிப் பூட்டியாகிவிட்டது. இனி மேசையில் இருந்து சுடுவதும் இல்லை. எழும்பி நின்றால் உதையோடு உடம்பும் சேர்ந்து பின்னுக்குப் போகும். கதிரையில் இருந்தால் அவ்வளவையும் தோள்தான் வாங்கும்.

அவ்வளவும் அவனுக்கு விளங்கியது. முதல் தரமாக அவன் மனம் லேசானது. ஆனால் பென்டெ முடிக்கவில்லை. துப்பாக்கியைச் சரிசெய்யலாம், பயத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது என்றாள். பிறகு, யோகமலரை மறுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, டெனிஸ்ரனின் கையில் இரண்டு தோட்டாக்களை வைத்தாள். ஒன்று உண்மையானது, விரல் பருமன் இருந்தது. மற்றது வெடிமருந்தில்லாத பொய்த் தோட்டா. பிடித்ததைத் துப்பாக்கிக்குள் போடு, எது என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்றாள்.

அவன் பொய்யைப் போட்டான். யோகமலர் துப்பாக்கியை வாங்கி, முன்காலில் பாரத்தை வைத்து, கட்டையைத் தோள்குழிக்குள் இறுக்கி, கன்னத்தைப் பதித்தாள். விசையை இழுத்தாள். டிக் என்று மட்டும் கேட்டது. ஆனால் குழல் பட்டென்று கீழே தாழ்ந்தது. கண் இறுக மூடியிருந்தது. வராத அடிக்கு அவளுடைய உடம்பு முழுக்கச் சுருங்கியதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். கல்யாணம் செய்த இத்தனை வருசத்தில் அவளை அப்படிப் பயந்து அவன் கண்டதில்லை.

அடுத்ததும் பொய்யைத்தான் போட்டான். அதற்கடுத்ததும். குழல் தாழ்வது கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பென்டெ அவன் முழங்கையைத் தொட்டாள். அடி வரவே வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் இதில் பயனில்லை, உண்மையானதையும் போடத்தான் வேண்டும் என்றாள்.

டெனிஸ்ரன் அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஊரே தன்னை மனைவியை அடிக்கிறவன் என்கிறது. இப்போது அந்த அடியைத் தன் கையாலேயே போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் அவளுடைய நன்மைக்கென்று. இதில் எது சரி, எது பிழை? பென்டெ காத்துக்கொண்டிருந்தாள். மனைவியின் முதுகும் அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. அவன் தோட்டாவை உள்ளே வைத்து மூடி, துப்பாக்கியை நீட்டினான்.

வெடி காதுமூடியையும் தாண்டி நெஞ்சில் வந்து மோதியது. யோகமலர் ஓரடி பின்னால் போனாள். அவன் ஓடிப்போய் அவள் முகத்தைப் பார்த்தான். பழைய தையல்தான் இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது.

"போட்டனீங்களோ?"

"ஓம்."

"நல்லது," என்றாள். "திரும்பவும் போடுங்கோ. எது எண்டு சொல்லாதையுங்கோ."

வீட்டுக்கு வரும் வழியில் அவளே பேதுரு அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். அவர் ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்று அதே பரிவோடு கேட்டார். நம்புகிறாரா இல்லையா என்று பிடிபடவில்லை. அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து பாருங்கோ என்றாள்.

அவர் வந்தார். கோயிலுக்குப் போடும் கோட்டோடு வந்து, காதுமூடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, டெனிஸ்ரனுக்குப் பக்கத்தில் நின்றார். முதல் வெடிக்கே திடுக்கிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கி எம்புவதையும் யோகமலரின் தோள் பின்னால் போவதையும் தொலைநோக்கி புருவத்துக்குக் கிட்ட வந்து நிற்பதையும் பார்த்தார். கடைசியில் காதுமூடியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கொள்ளும், தம்பி. பிழையா நினைச்சுப்போட்டன்." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆனா இந்த உதையை வாங்கி வாங்கி இந்தப் பிள்ளை ஏன் இதைச் செய்யுது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை, அண்ணை."

யோகமலர் திரும்பி அவர்களைப் பார்த்து, காதை மூடும்படி கையைக் காட்டினாள். இருவரும் அவசரமாகக் காதுமூடியை மாட்டிக்கொண்டார்கள்.