கரை இடப்பக்கம்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் கொளுத்தியே சத்தியம் செய்திருக்கலாம். ஒஸ்லோ அடுக்குமாடியில் கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். ஆகவே வெறுங்கையில் அடித்துச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம். ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் சிவகாமி தன் கணவர் சோதிலிங்கத்தின் கால்களுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, பட்டு வேட்டிக்கு மேசு போடுறியள்?” என்றார் சோதிலிங்கத்தின் தம்பி பரமநாதன்.

“அவருக்குக் கால் குளிரும்.”

வெளியே பனி கொட்டியது. பிள்ளைகள் இல்லாத வீடு. இவர்கள் இருவரைத் தவிர ஒருவரும் வந்து சேரவில்லை. பெட்டிக்குள் வைப்பதற்கென்று பரமநாதன் ஒரு தேசப்படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

சோதிலிங்கம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். பிறகு அர்க்கெமா என்ற, தொலைந்துபோன கிரேக்க ஊரைத் தேடத் தொடங்கினார். பழங்காலப் பயணி ஒருவன் எழுதிவைத்த வழி இவ்வளவுதான்: ‘நிலமுனையைத் தாண்டி, கரையை இடப்பக்கம் விட்டு, அரைநாள் பாய்விரித்து ஓடினால் ஊர் வரும்.’ பயணி போன திசையிலேயே அளந்து சோதிலிங்கம் படத்தில் குத்திய ஊசியெல்லாம் கடலிலேயே விழுந்தது. ஊசிகளின் பாரத்தில் சுவர் சாய்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் அலுமாரி திறக்க முடியாமல் போனது. “என்ரை சாம்பலை அர்க்கெமாத் துறையிலை கரைச்சுவிடும்” என்று சிவகாமியின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

“கடலுக்கு நடுவிலை இருக்கிற ஊருக்கு எப்பிடி அண்ணி போறது? எல்லாரையும் போல இஞ்சை ஃபியோர்ட்டுக் கடலிலை கரைப்பம். எல்லாம் ஒரே தண்ணிதானே.”

“அதை அவரிட்டைச் சொல்லிப் பாருங்கோ.”

மேசை இல்லாததால் சிவகாமி படத்தைச் சோதிலிங்கத்தின் நெஞ்சின்மேல் விரித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“டிராம் ஓட்டின மனுசன், டிராம் திரும்பியும் வரும் எண்டதை மறந்திட்டார். போற அவதி அவசரத்திலை ஆர் வழி எழுதுறது? வீட்டுக்குத் திரும்பேக்கைதான் ஆறுதலா எழுதுவினம். திரும்பி வந்தால்தான் கரை இடப்பக்கம்.”

அவளுடைய விரல், படத்திலிருந்த நிலமுனையை விட்டுப் பின்னோக்கி நகர்ந்து ஒரு சிறு குடாவின் கரையில் நின்றது.

பரமநாதன் குனிந்து பார்த்தார். “இதை அண்ணைக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே.”

“என்னட்டை எப்ப கேட்டவர்?”

சோதிலிங்கத்தின் வலப் புருவம் மெல்ல உயர்ந்தது. வாக்குவாதத்தில் தோற்றால் அவருக்கு அப்படித்தான். சிவகாமி அதைப் பெருவிரலால் தடவிப் பழையபடி இறக்கிவிட்டாள்.

உண்மையில் அந்த மாசியில் இறந்தது சிவகாமி. சோதிலிங்கம் ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியில், இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு இன்னும் தனியாக இருக்கிறார்.