லைற் பிடித்தவர்

கையைச் சுடுகிறது என்று கணவன் கோகுலன் சொன்னதால், உதயகலா அவன் உடுத்துப் பழசான நீலச் சாரமொன்றில் ஒரு துண்டைக் கிழித்து, வீடியோ லைற்றின் கைப்பிடியில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, உரும்பிராயில் ஒரு கலியாண வீட்டுக்கு லைற் பிடிக்கச் சைக்கிளில் போனான். அது 2006ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம்.

அன்று பின்னேரம் நீர்வேலியில், வாழைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். பிடரியில் ஒரு வெடி, முகத்தில் ஒரு வெடி. பந்தலில் இருந்த நூற்றைம்பது பேரில் ஒருவர்கூட அவனை அன்று கண்டதாகச் சொல்லவில்லை. லைற் பிடிக்க யாரோ வந்தார், யாரென்று தெரியாது என்றார்கள். அதன் பிறகு நிரப்பிய எல்லாப் படிவங்களிலும், கொல்லப்பட்ட இடம் கலியாணப் பந்தல் என்றே உதயகலா எழுதினாள். எல்லா அலுவலகங்களிலும் அதற்குச் சாட்சி கேட்டார்கள்.

பதினெட்டு வருடம் கழித்து, அவள் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குக் குருநகர் மரியரட்ணம் வந்தார். அன்று அந்தக் கலியாணத்தில் கமரா பிடித்தவர் அவர்தான். பழைய கசற்றுகளைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தக் கலியாணத்தின் கசற்றைப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவள் முகத்தைப் பாராமல் மேசையில் வைத்தார்.

“சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பார், பிள்ளை.”

அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்துக் காயவைக்க இரண்டு நாள் சென்றது. பொறுப்பாளர் வாகீசன் அவளிலும் இளையவர். தானே பார்த்து எழுதுவதாகச் சொன்னார். அவள் விடவில்லை. கணினியில் ஏற்றியபடியே இருவரும் சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். மேளகாரர் தோள் குலுங்க அடிக்கிறார்கள். மணப்பெண்ணின் முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று சரிகிறது. கமரா சில கணம் இருண்ட அந்த முகத்தையே பார்த்து நின்று, பிறகு திரும்புகிறது. பந்தலுக்குள் சப்பாத்துக் காலோடு இரண்டு பேர், தலையில் ஹெல்மெட். எழும்பப் பார்த்த கிழவர் ஒருவரின் வாயில் ஒருவன் பிஸ்டல் பிடியால் அடிக்கிறான். பல்லும் இரத்தமும் வேட்டியில் விழுகின்றன. மற்றவன் குனிந்து, கீழே கிடப்பவரை இன்னொருமுறை சுடுகிறான். சனத்தின் கால்களுக்கு நடுவே அந்த ஆள் தெரியவில்லை. தரையில் எரியும் லைற்றும், அதன் கைப்பிடியை விடாத ஒரு கையும் மட்டும் தெரிகின்றன. சூடான கண்ணாடியில் தெறித்த இரத்தம் புகைகிறது. விரல்கள் பிரியும்வரை அந்தக் கையைச் சப்பாத்தால் மிதிக்கிறார்கள். பிறகு ஆளை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாகீசன் படத்தை நிறுத்தினார். பிறகு கசற்றின் விபரத்தாளில் ‘காணப்படுவோர்’ என்ற கட்டத்தைத் தொட்டார்.

“முகம் படத்திலை விழேல்லை, அக்கா. கையை வைச்சுப் பேர் எழுதேலாது. உங்கடை சொல்லை மட்டும் நம்பி எழுதினால், நாளைக்கு இந்தக் கசற்றையே பொய்யெண்டு சொல்லுவினம்.”

அவர் சொன்னது சரி. எத்தனையோ கசற்றுகளுக்கு அவளே அப்படித்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் ஒலியையும் கேட்டுத்தான் விபரத்தாளை மூடவேண்டும். அவள் பின்னால் ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

கெட்டிமேளத்துக்குள் முதல் வெடி கேட்கவேயில்லை. வெளிச்சம் சரிந்த இடத்தில், கமராவுக்கு மிகக் கிட்ட, மரியரட்ணத்தின் எரிச்சல் குரல் கேட்டது.

“லைற்றைத் தூக்கடா, கோகுலன். பொம்பிளையின்ரை முகம் இருட்டு. நித்திரையோ?”

கமராவிலிருந்து கண்ணை எடுக்காத மனிதர், செத்துக்கொண்டிருந்தவனை ஏசியிருக்கிறார். இத்தனை வருடம் கசற்றை ஒளித்து வைத்திருந்ததும் அதனால்தான்.

உதயகலா மரியரட்ணத்துக்குப் போன் எடுத்தாள்.

“நான் கேட்டிட்டன், அண்ணை. அவர் அங்கை நிண்டார் எண்டதுக்கு உங்கடை பேச்சுத்தான் சாட்சி.”

வாகீசன் ‘ஒலியில் பெயர் கேட்கப்படுபவர்’ என்ற கட்டத்தில் எழுதினார்: செல்லத்துரை கோகுலன், லைற் பிடித்தவர். நாற்பத்தோராம் நிமிடம். உரும்பிராய், கலியாணப் பந்தல்.

விபரத்தாளோடு சேர்க்கக் கசற்றிலிருந்து ஒரு படம் வேண்டும் என்றார். அவள் தரையில் கிடந்த லைற்றைத் தெரிந்தெடுத்தாள். கைப்பிடியில் நீலத் துணி இருந்தது. இரட்டை முடிச்சு அவிழவில்லை.