ஒரு மூலைக்கு மட்டும் மழை

இசக்கியம்மாளைப் பத்தி எங்கிட்ட யாரும் நல்லதா ஒரு வார்த்தை சொல்லிராதீங்க. மூணு வருசம் சங்கரன்கோவில்ல எங்க காலேஜ் டீம்ல என்கூட விளையாடினவ அவ. வலது பக்கமாப் பந்தைக் கொண்டுட்டு ஓடி வருவா. அவளை இடது பக்கம் நின்னு தடுக்கது என் வேலை. தினமும் சாயங்காலம் பிராக்டிஸ்ல நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர்தான். அவ என்னைத் தாண்டினதும் உண்டு, நான் அவளை மண்ணைக் கவ்வ வச்சதும் உண்டு.

பெறவு கேரளாவுல ஒரு காலேஜ் கூப்பிட்டுச்சு, போயிட்டா. போகட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா அங்க போயி ஒரு பேட்டி குடுத்தா பாருங்க. ஊர் பூரா போன்ல சுத்திச்சு அந்த வீடியோ. "சங்கரன்கோவில்ல என்னைத் தடுக்க ஆளே கிடையாது. பிராக்டிஸ்ல எல்லாவளும் வழி விட்டுட்டு நிப்பாளுவ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. எல்லாவளும்னா யாரு? அங்கன அவளுக்கு எதிரா நின்னது நான் ஒருத்திதானே. தறிக்கார தாவூது மக ரைஹானா. எங்க தெருவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட "வழிவிடு அக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டு. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு.

அதனால, அகில இந்தியக் கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் போட்டி எங்க கிரவுண்டுலதான்னு முடிவாகி, அரையிறுதியில அவ டீமும் எங்க டீமும் மோதணும்னு ஆனதும், கப்பெல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சமாப் போச்சு. அவளை நான் நிறுத்தணும். நிறுத்திட்டு, "ஆமா, ரைஹானா என்னை நிறுத்திட்டா"ன்னு அவ வாயாலேயே கேக்கணும். அது போதும் எனக்கு.

மேட்ச் அன்னைக்குக் காலையில கிரவுண்டுக்குப் போறேன், ஹாஸ்டல் பக்கத்துக் கோலுக்கிட்ட ஒரு மூலையில டேங்கர் லாரி நிக்கி. டிரைவர் சண்முகையா குழாயைப் புடிச்சுத் தண்ணியை விட்டுட்டு இருக்காரு. எங்க கிரவுண்டு பூரா செம்மண் அடிச்சுப் புல்லு போட்டது. அந்த ஒரு மூலைக்கு மட்டும் செம்மண் பத்தாமப் போயி வெறும் கரிசலாக் கிடக்கும். நனைஞ்ச கரிசல்ல நடக்கது எப்படின்னு திருவேங்கடம் ஊர்ப் பக்கம் போனவளுக்கெல்லாம் தெரியும். செருப்புக்கு அடியில இன்னொரு செருப்பு முளைக்கும்.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதிய?"

"செயலாளர் சொன்னாரு தாயி. புழுதி அடங்கணுமாம்."

"புழுதி இந்த மூலையில மட்டுமா பறக்கு?"

அவரு என் முகத்தைப் பாக்காம குழாயை அந்தப் பக்கம் திருப்பினாரு.

செயலாளர்னா போட்டிக் கமிட்டிச் செயலாளர் சங்கரநயினார். பந்தல்ல உக்காந்து வடை தின்னுட்டு இருந்தாரு. நேராப் போயி அவரு முன்னால நின்னேன்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தக் கேவலம்?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. இசக்கி வலது பக்கமா ஓடுவா. ஓடி எங்க வந்து சேருவா? அந்த மூலைக்குத்தான். டாஸ் ஜெயிச்சா மொதப் பாதிக்கு எதிர்க் கோலை நம்ம கோலா எடு. ரெண்டாம் பாதியில கால் அசந்த நேரம் அவ இங்கன வந்து மாட்டுவா. விளங்குச்சா?"

"அவளை நான் தடுப்பேன். தண்ணி தடுக்க வேண்டாம்."

"நீ தடுத்துக் கிழிச்சதைத்தான் வீடியோவுல பாத்தோமே! ரெஃப்ரிகிட்டப் போயி வாயைத் திறந்தேன்னு வையி, உன் டீமைத்தான் வெளிய அனுப்புவான். எல்லாப் பிள்ளையளும் உன்னைத்தான் காறித் துப்பும். போ, போயி பூட்ஸை மாட்டு."

பேசும்போது வடைத் துணுக்கு என் ஜெர்சியில தெறிச்சுச்சு. அதைத் தட்டி விட்டுட்டு வந்தேன். நாசமாப் போறவருன்னு மனசுக்குள்ள திட்டினேன். ஆனா அவரு சொன்னதுல ஒண்ணு மண்டையில ஒட்டிக்கிட்டு. டாஸ். அதை நான் ஜெயிச்சு, ஹாஸ்டல் பக்கத்துக் கோலை மொதல்லேயே எடுத்துட்டா? சகதி மொதப் பாதியோட போயிரும். ரெண்டாம் பாதியில ரெண்டு பேரும் காய்ஞ்ச புல்லு மேல நேருக்கு நேர் நிப்போம். அப்ப அவளை நிறுத்தினா எவ என்ன சொல்ல முடியும்? என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன்.

அவதான் அவங்க கேப்டன், நான் எங்க கேப்டன். டாஸ் போட அவ நடந்து வந்ததும் கூட்டம் ஊளையிட ஆரம்பிச்சுட்டு. இளையரசனேந்தல் பொண்ணுதான், எங்க பக்கத்துக்காரிதான். ஆனா "துரோகி, துரோகி"ன்னு ஒரே கத்து. அவ காதுலேயே வாங்கல. கை குடுங்கன்னாரு ரெஃப்ரி. தீட்டுப் பட்ட மாதிரி என் விரல் நுனியைத் தொட்டுட்டு எடுத்துட்டா. பெறவு அந்த மூலையைப் பாத்தா.

"ஏட்டி, உங்க ஊர்ல ஒரு மூலைக்கு மட்டுந்தான் மழை பெய்யுமோ?"

"விளையாட வந்தியா, வாயாட வந்தியா?"ன்னேன்.

டாஸ் எனக்கு விழுந்துச்சு. ஹாஸ்டல் பக்கத்துக் கோலை எடுத்தேன். பந்தல்ல சங்கரநயினார் தலையில அடிச்சுக்கிட்டாரு.

மொதப் பந்தே இசக்கிக்குத்தான் போச்சு. கொண்டுட்டு வந்தா, சகதியில கால் வச்சா, பூட்ஸ் ரெண்டும் ஆனைக்கால் மாதிரி ஆயிட்டு. பந்து முன்னால உருள மாட்டேங்கு. நான் சகதிக்கு வெளிய, கோல் பக்கத்துப் புல்லு மேல நின்னேன். உள்ள இறங்க எனக்கென்ன தேவை? அவ திணறித் திணறி வெளிய வந்ததும் பந்தைத் தட்டி விட்டேன். கூட்டம் கெக்கலி கொட்டிச்சு. இடது பக்கம் மாறு, மாறுன்னு அவ கோச் தொண்டை கிழியக் கத்துதாரு. மாற மாட்டேனுட்டா. என்னைத் தாண்டித்தான் போவேன்னு அவளுக்கும் வீம்பு. விழுந்தா, எந்திரிச்சா, குச்சியை வச்சு பூட்ஸைச் சுரண்டினா, மறுபடி வந்தா. "நாத்து நட வந்தியாட்டி?"ன்னு ஒருத்தன் கத்துனான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி எங்க பாத்திமா ஹனா கார்னர்ல வந்த பந்தைத் தலையால முட்டி ஒரு கோல் போட்டா.

ரெண்டாம் பாதியில பக்கம் மாறினோம். எனக்கு முன்னால பூராவும் காய்ஞ்ச புல்லு. இப்ப வாட்டி, இப்ப வான்னு காத்துக்கிட்டு நின்னேன். வந்தா. நிறுத்தினேன். மறுபடி வந்தா, மறுபடியும் நிறுத்தினேன். ஆட்டம் முடியப் போற நேரம் ஒரு பந்து அவ காலுக்கு வந்துச்சு. அவளும் நானும் மட்டும், பின்னால கோல். அவ வலது தோளைச் சாய்ச்சா இடது பக்கம் போவான்னு எனக்குத் தெரியாதா? பொறுத்து இருந்து சறுக்கினேன். பந்தை மட்டும் எடுத்தேன், அவ கால்ல என் நகம்கூடப் படல. என் வாழ்நாள்ல அப்படி ஒரு பந்தை நான் எடுத்தது கிடையாது. ரெஃப்ரி கடைசி விசில் ஊதிட்டாரு. ஜெயிச்சுட்டோம்.

எங்க பிள்ளையள் கட்டிப்புடிக்க வந்தாளுவ. விலக்கி விட்டுட்டு நேரா இசக்கிகிட்டப் போனேன். கோட்டு ஓரமா உக்காந்து பூட்ஸைக் கழட்டிட்டு இருந்தா.

"ஆளே கிடையாதுன்னியே. இப்பச் சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"நான் உன்னை நிறுத்திட்டேன்னு சொல்லு."

பூட்ஸைத் தரையில தட்டினா. அடியில இறுகியிருந்த கரிசக்கட்டி ஒண்ணு பேந்து விழுந்துச்சு. எடுத்து என் காலடியில போட்டா. "இதுதான் நிறுத்திச்சு."

"அது மொதப் பாதி. ரெண்டாம் பாதி காய்ஞ்ச தரைதானே? அதுக்காகத்தானே நான் அந்தக் கோலை எடுத்தேன்!"

"ரெண்டாம் பாதிக்கு எனக்குக் கால் எங்கட்டி இருந்துச்சு?"

"நானும் அதே மூலையிலதான் இருந்தேன்."

"நீ நின்ன. நான் ஓடினேன்."

அவ வெறுங்காலோட எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்குள்ள சங்கரநயினார் பொன்னாடையோட ஓடி வந்தாரு. கழுத்தைச் சுத்திப் போட்டுட்டு என் காதுல சொன்னாரு: "மக்கா, சொன்னதை மாத்திட்டாளே கிறுக்கச்சின்னு நினைச்சேன். நீ என்னைவிட விளைஞ்சவளால்லா இருக்க! மொதப் பாதியிலேயே அவ காலை முறிச்சுட்டு, ரெண்டாம் பாதியில சாவகாசமாப் புடிச்சுட்டியே!"

அல்லாவே, அந்தத் துணி கழுத்துல கிடந்து எரிஞ்சுச்சு. எனக்கு அவமானமா இருந்துச்சு, அழுகையா வந்துச்சு. ஜெயிச்ச சந்தோசத்துல பிள்ளை அழுதுன்னு அவரு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருந்தாரு. என் வாழ்நாள்ல எடுத்த ஒரே நல்ல பந்தை அந்த மனுசன் தண்ணியில கரைச்சுட்டாரு.

தாங்க முடியாம வெளிய வந்தேன். காலேஜ் கேட்டுல டேங்கர் தண்ணியோட உள்ள நுழையுது. சண்முகையா தலையை நீட்டினாரு.

"தாயி, செயலாளர் உங்கிட்டயே கேட்டுக்கிடச் சொல்லிட்டாரு. நாளைக்கு ஃபைனலுக்கு எந்த மூலை?"

லாரிக்குப் பின்னால போனேன், வால்வைப் புடிச்சு முழுசாத் திருகி விட்டேன். தண்ணி பொங்கிக்கிட்டு ரோட்டுல ஓடுச்சு. "ஏ பிள்ள, என்ன காரியம் பண்ணுத!"ன்னு சண்முகையா கத்திக்கிட்டே இறங்கி வாராரு. கிரவுண்டுக்கு ஒரு சொட்டு போகக் கூடாதுன்னு வால்வை விடாமப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் கேரளா காலேஜ் பஸ் உள்ள இருந்து வெளிய வந்துச்சு. தண்ணியில ஏறி, எங்கிட்ட வந்ததும் மெதுவாச்சு. ஜன்னலோரம் இசக்கி இருந்தா. என்னைப் பாத்தா, டேங்கரைப் பாத்தா. "இல்லட்டி, இசக்கி, இது வேற!"ன்னு கத்துனேன். அவ போனை வெளிய நீட்டி வீடியோ எடுத்துட்டே போயிட்டா.

இப்ப ஊர் பூரா சுத்துதது அந்த வீடியோதான். கழுத்துல பொன்னாடையும் வால்வுல கையுமா நான் நிக்கேன்.